பூட்டிய அலுமாரிக்குள் எவ்வளவு அமிலம்?

பழைய அச்சுக்கூடத்து மர லாச்சியில் கிடக்கும் ஈய எழுத்துகளை எடுத்துப் பாருங்கள். சிலவற்றின் முகத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். தேய்த்தால் உதிரும், அதன்கீழே எழுத்தின் கோடு மழுங்கிப் போயிருக்கும். கண்ணாடி போட்ட மர அலுமாரியில் வருடக்கணக்கில் வைத்த சங்கிலும் சோகியிலும் இதே வெள்ளை வரும். பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று துடைத்துத் திரும்பவும் அதே லாச்சியில் வைத்துவிடுகிறோம். அது பூஞ்சணமல்ல. மரமும் பசையும் பூச்சும் விடுகிற அமில ஆவி ஈயத்தோடும் சுண்ணாம்போடும் தாக்கமடைந்து உண்டாக்கிய உப்பு.

யாழ்ப்பாணத்தில் இது சின்ன விஷயமல்ல. உதயதாரகை 1841இல் வெளிவரத் தொடங்கியது. 1849இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். இவ்வளவு நீண்ட அச்சு வரலாறு உள்ள ஊரில் ஈய எழுத்து இன்னும் அங்குமிங்கும் மிஞ்சியிருக்கிறது. 1981இல் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. அதற்குப் பிறகு எஞ்சியவற்றில் பெரும்பங்கு வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் கோயில்களிலும் மரப் பெட்டகங்களுக்குள்ளேயே இருக்கிறது. கறையானுக்கும் புழுதிக்கும் பயந்து இறுக்கி மூடி வைக்கிறோம். மூடுவது சரிதான். ஆனால் மூடிய இடத்தில் வளி மாறாது, உள்ளே சேரும் ஆவிக்கு வெளியேற வழியில்லை. எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று மூக்கால் சொல்ல முடியாது. அளந்துதான் பார்க்கவேண்டும். அதற்கு மின்சாரமோ பம்பியோ தேவையில்லை, விரல் நீளக் குழாய் ஒன்று போதும். அதை எப்படிச் செய்வது, எங்கே பிழைக்கும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அமிலம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். மரத்திலுள்ள எமிசெலுலோசில் அசற்றைல் கூட்டங்கள் தொங்கிக்கொண்டிருக்கின்றன. வெப்பமும் ஈரமும் பட்டால் அவை நீரோடு தாக்கமடைந்து அசற்றிக் அமிலமாகக் கழன்றுவரும். வினாகிரியில் இருக்கும் அதே அமிலம். வன்மரங்களில் இந்தக் கூட்டங்கள் கூட, மென்மரங்களில் குறைவு. ஓக் மரம் இதற்குப் பெயர்போனது. ஆனால் அமிலமே விடாத மரம் என்று ஒன்று கிடையாது. பாட்டன் காலத்துப் பெட்டகம், இனி ஒன்றும் வராது என்று நம்புவதும் தவறு. விடும் வேகம் குறையுமே தவிர நின்றுவிடாது. புதிய பொருள்களில் கவனிக்கவேண்டியது எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அமுக்கிய பலகை), சிப் பலகை, ஒட்டுப்பலகை ஆகியவை. அவற்றின் பசையிலிருந்து போமல்டிகைட்டு வரும், அது ஒட்சியேறிப் போமிக் அமிலமாகும். எண்ணெய் சார்ந்த பெயின்ற் காயும்போதும் போமிக் அமிலம் வெளிவரும். கண்ணாடி ஒட்டும் சிலிக்கன் பசையில் புளித்த வாடை அடித்தால் அது அசற்றிக் அமிலமேதான். தச்சர்கள் பாவிக்கும் வெள்ளைப் பசை பொலிவைனைல் அசற்றேற்று, அதிலிருந்தும் அசற்றிக் அமிலம் கசியும். பழைய ஸ்ரூடியோக்களின் அசற்றேற்றுப் பிலிம் சுருள்கள் தாங்களே சிதைந்து அமிலம் விடுபவை. அவற்றை மற்றப் பொருள்களோடு ஒரே அலுமாரியில் வைக்கவே கூடாது.

இந்த அமிலத்தால் ஈயத்துக்கு நடப்பது மோசமானது. அசற்றிக் அமிலம் ஈயத்தை ஈய அசற்றேற்றாக்கும். பிறகு வளியிலுள்ள காபனீரொட்சைட்டும் ஈரமும் சேர்ந்து அதை மூல ஈயக் காபனேற்றாக மாற்றும். அப்போது அமிலம் திரும்ப விடுபட்டு அடுத்த துளி ஈயத்தைத் தாக்கப் போகும். பழைய காலத்தில் வெள்ளை ஈயச் சாயத்தை ஈயத் தகட்டையும் வினாகிரியையும் சாணத்தையும் ஒன்றாக மூடிவைத்தே செய்தார்கள். மர லாச்சிக்குள் அதே வேலை மெதுவாக நடக்கிறது. சங்கு, சோகி, முருகைக்கல் ஆகியவற்றில் கல்சியம் அசற்றேற்று, போமேற்று உப்புகள் உண்டாகும். கடலுப்பு ஊறிய ஓடாக இருந்தால் குளோரைட்டும் சேர்ந்த இரட்டை உப்பாகும். 1899இல் இதை விவரித்த பைன் இதற்குப் பற்றீரியா காரணம் என்று கருதினார். பைன் நோய் என்ற பெயர் அப்படித்தான் நின்றுவிட்டது. ஓலைச்சுவடியும் கடதாசியும் இதே அமிலத்தால் மெல்ல மெல்லப் பலமிழக்கும். ஆனால் ஏட்டுக்கு முதல் எதிரி இன்னமும் பூச்சியும் ஈரமும்தான் என்பது என் கருத்து. அமில அளவீட்டை ஈயமும் சங்கும் உள்ள அலுமாரியிலிருந்து தொடங்குங்கள்.

இனிக் குழாய். பாமஸ் என்பவர் 1976இல் நைதரசனீரொட்சைட்டை அளக்க வடிவமைத்தது இது. அக்ரிலிக் குழாய், நீளம் 71 மில்லிமீற்றர், உள்விட்டம் 11 மில்லிமீற்றர். ஒரு முனை மூடியிருக்கும், அந்த மூடிக்குள் இரசாயனம் பூசிய சிறு வட்டத் தாள் இருக்கும். மறு முனை திறந்திருக்கும். தாள் வாயுவை முற்றாகப் பிடித்துக்கொள்வதால் அந்த முனையில் செறிவு பூச்சியம், திறந்த முனையில் அலுமாரியின் செறிவு. இடையிலுள்ள வேறுபாடு வாயு மூலக்கூறுகளை மேலே இழுக்கிறது. ஸ்கொட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தினர் இதே குழாயில் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுப் பூசி, அருங்காட்சியகப் பேழைகளில் அசற்றிக், போமிக் அமிலங்களை அளக்கும் முறையை 1997இல் வெளியிட்டார்கள்.

கணக்கு, வாயு பரவும் வேகத்தைச் சொல்லும் பிக்கின் விதிதான். குழாய் ஒரு நாளில் 'உறிஞ்சும்' வளியின் அளவு, பரவல் குணகத்தைக் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கி நீளத்தால் பிரித்தால் வரும். பரப்பு 0.95 சதுர சென்ரிமீற்றர். 25 பாகை செல்சியசில் அசற்றிக் அமிலத்தின் பரவல் குணகம் செக்கனுக்கு 0.1235 சதுர சென்ரிமீற்றர், போமிக் அமிலத்துக்கு 0.153. பெருக்கிப் பிரித்தால் அசற்றிக் அமிலத்துக்கு நாளொன்றுக்கு 1.43 லீற்றர், போமிக் அமிலத்துக்கு 1.77 லீற்றர். பதினான்கு நாளில் முறையே 20 லீற்றரும் 24.8 லீற்றரும். இது சின்ன அளவுதான். மூடிய அலுமாரிக்கு இந்தச் சின்னத்தனம் தான் வேண்டும், ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

செய்முறையில் ஏறத்தாழ எல்லாப் பிழையும் சுத்தத்தில் வருவது. நாம் தேடுவது சில மைக்ரோகிராம். அசற்றேற்றும் போமேற்றும் எங்கும் இருப்பவை, எல்லாவற்றிலும் ஒட்டுபவை. கிணற்றுத் தண்ணீரில் குழாயைக் கழுவவே வேண்டாம். நமது சுண்ணாம்புக்கல் நிலத்தின் நீர் கடினமானது, அதில் அயன்கள் நிறைந்திருக்கும். கடையில் வாங்கும் காய்ச்சி வடித்த நீரும் நம்பத்தக்கதல்ல. 18.2 மெகாஓம் தரமுள்ள மிகத்தூய நீர் தேவை, அதுவும் அன்றன்று எடுத்தது. போத்தலில் நாட்கணக்காக நின்ற நீர் அறை வளியிலிருந்து அமிலத்தை உறிஞ்சியிருக்கும். குழாயையும் மூடிகளையும் அந்த நீரில் இரவு முழுதும் ஊறவிட்டு, இரண்டு மூன்று முறை அலசி, மூடிய கண்ணாடிப் பாத்திரத்துக்குள் சிலிக்காஜெல்லின் மேல் காயவிடுங்கள். ஆய்வுகூட அடுப்பில் காயவைக்கவேண்டாம். முந்தி அதில் எதை உலர்த்தினார்களோ தெரியாது.

வடிதாளை உருக்குத் துளைப்பானால் 11 மில்லிமீற்றர் வட்டங்களாக வெட்டிக்கொள்ளுங்கள். வட்டங்களை மிகத்தூய நீரில் ஒவ்வொரு மணித்தியாலமாக மூன்று தடவை ஊறவைத்து நீரை மாற்றுங்கள். கையுறை பவுடர் போடாத நைற்றைல் கையுறையாக இருக்கவேண்டும். தாளைச் சாமணத்தால் மட்டும் எடுக்கவேண்டும். வெறும் விரல் பட்டால் வியர்வையிலுள்ள லக்ரேற்று ஒட்டிவிடும். அது பகுப்பின்போது அசற்றேற்றின் பக்கத்திலேயே வந்து நின்று குழப்பும்.

பூச்சுக்கரைசல் லீற்றருக்கு ஒரு மூல் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு. கடையில் வரும் வில்லைகளில் ஐதரொட்சைட்டு 85 சதவீதம்தான், மிச்சம் நீர். ஆகவே 100 மில்லிலீற்றருக்கு 5.6 கிராம் அல்ல, 6.6 கிராம் நிறுக்கவேண்டும். மிகத் தூய தரத்தையே வாங்குங்கள், மலிவான வில்லையோடு அசற்றேற்றும் கூடவே வரும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், இந்தக் காரம் தோலையும் கண்ணையும் அரிக்கும். தாளை மூடியில் வைத்து நுண்பிப்பெற்றால் 20 மைக்ரோலீற்றர் விடுங்கள், உடனே குழாயைப் பொருத்தி மற்ற முனையையும் மூடிவிடுங்கள். காயும்வரை திறந்து வைத்தால் அறை அமிலம் முழுதும் அதில்தான் சேரும். இந்த வேலை நடக்கும் மேசையில் அசற்றிக் அமிலப் போத்தல் திறந்திருக்கக்கூடாது. மதியச் சாப்பாட்டு ஊறுகாயும் அந்த அறைக்குள் வரக்கூடாது.

மாணவர்கள் வழமையாகக் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. வளியில் காபனீரொட்சைட்டு அவ்வளவு இருக்க, காரம் முழுதும் அதிலேயே தீர்ந்துவிடாதா? தீரும்தான், ஐதரொட்சைட்டு வெகு விரைவில் காபனேற்றாகிவிடும். அதனால் பாதகமில்லை. அசற்றிக்கும் போமிக்கும் காபோனிக் அமிலத்தைவிட வலிய அமிலங்கள், அதனால் காபனேற்றையும் தள்ளிவிட்டு உட்காரும். கொள்ளளவுக்கும் பயமில்லை. நாம் விட்டது 20 மைக்ரோமூல். கன மீற்றருக்கு 2,000 மைக்ரோகிராம் அசற்றிக் அமிலம் உள்ள மோசமான அலுமாரியில்கூட இரண்டு வாரத்தில் சேர்வது ஒரு மைக்ரோமூலுக்கும் குறைவு. யோசிக்கவேண்டியது ஈரம். பொற்றாசியம் காபனேற்று 43 சதவீத ஈரப்பதனுக்கு மேல் வளியிலுள்ள நீரை இழுத்துக் கரைந்துவிடும். நமது ஊரில் வருடம் முழுதும் அதைவிடக் கூடத்தான். ஈரத்தாள் அமிலத்தை நன்றாகப் பிடிக்கும், அது நல்லது. ஆனால் கூடப் பிடிக்கட்டும் என்று 100 மைக்ரோலீற்றர் விட்டால், மாரி மழைக்காலத்தில் அது சொட்டாகிச் சுவரால் வழியும். வழிந்தால் பரவல் நீளம் குறைந்து கணக்கே பிழைக்கும். 20க்கு மேல் போடாதீர்கள்.

வெற்றுக்குழாய் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். இந்த முறையின் உயிரே அதுதான். ஒரே நாளில், ஒரே கரைசலில், ஒரே தாளில் செய்து, அளக்கும் குழாய்களோடு அதே இடத்துக்குப் போய், ஆனால் ஒருபோதும் திறக்காமல் திரும்பிவரும் குழாய் அது. ஒரு தொகுதிக்குக் குறைந்தது ஆறு வேண்டும். ஆறின் சராசரியை ஒவ்வொரு அளவீட்டிலிருந்தும் கழிக்கவேண்டும். ஆறின் நியம விலகலின் மூன்று மடங்குதான் நீங்கள் நம்பிச் சொல்லக்கூடிய மிகச் சிறிய அளவு. தாளை நீரில் குலுக்கி எடுக்கும் சாற்றில் வெற்று லீற்றருக்கு 0.10 மில்லிகிராம், விலகல் 0.02 என்று வைத்துக்கொள்வோம். மூன்று மடங்கு 0.06. சாறு 5 மில்லிலீற்றர் என்றால் 0.3 மைக்ரோகிராம், 20 லீற்றர் வளிக்குக் கன மீற்றருக்கு 15 மைக்ரோகிராம். அதற்குக் கீழே எந்த எண் வந்தாலும் 'பதினைந்துக்குக் குறைவு' என்றே எழுதவேண்டும். வெற்றுக்குழாய் இல்லாமல் கொண்டுவந்து காட்டப்படும் எண்ணை நான் அளவீடாக ஏற்பதில்லை.

இதே கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. வெளி வளியில் அசற்றிக் அமிலம் கன மீற்றருக்குச் சில மைக்ரோகிராம்தான். மூன்று என்றால், 28 நாள் தொங்கவிட்டாலும் இந்தக் குழாயில் சேர்வது 0.12 மைக்ரோகிராம். வெற்றிலேயே 0.5 இருக்கிறது. ஆகவே வெளியையும் திறந்த அறையையும் அளக்க இது உதவாது. அதற்குக் குட்டையான, அகன்ற வட்டு வகை வேண்டும். ஒரு சென்ரிமீற்றர் நீளமும் இரண்டு சென்ரிமீற்றர் விட்டமும் உள்ள வட்டு நாளுக்கு 33 லீற்றர் அளவு உறிஞ்சும். அதன் வாயில் மெல்லிய ரெஃப்லோன் சவ்வு போட்டிருப்பார்கள், காற்று உள்ளே சுழலாமல் இருப்பதற்கு.

அப்படியானால் அலுமாரிக்கும் வட்டையே போட்டால் இரண்டு நாளில் முடிந்துவிடுமே என்று தோன்றும். தோன்றினாலும் செய்யாதீர்கள். பத்து லீற்றர்ப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இடுக்குகளால் நாளுக்கு மூன்று லீற்றர் வளி மாறுகிறது. உள்ளே 33 லீற்றர் உறிஞ்சும் வட்டை வைத்தால் பெட்டியின் அமிலத்தை அந்த வட்டே துடைத்துவிடும். நீங்கள் அளப்பது பெட்டியின் வளி அல்ல, வட்டு மிச்சம் வைத்த வளி. நீளக் குழாய்கூட அங்கே குற்றமற்றதல்ல. 3 லீற்றர் வெளியேற்றத்தோடு 1.43 சேர்ந்தால், மரம் விடும் வேகம் மாறாதிருக்க, செறிவு மூன்றிலொரு பங்கு குறைந்துபோகும். இருநூறு லீற்றர் அலுமாரியில் நாளுக்கு ஒருமுறை வளி மாறுமானால் மூன்று குழாய் தொங்கினாலும் இரண்டு சதவீதம்தான் வித்தியாசம். சின்னப் பெட்டிக்கு ஒரு குழாய் மட்டும் போட்டு, எண்ணைக் குறைந்தபட்ச மதிப்பாக எடுங்கள். பெரிய அலுமாரிக்கு மூன்று போடுங்கள். மூன்றும் பத்து சதவீதத்துக்குள் ஒத்துவந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் துள்ளினால் அதன் தாளைத் தொட்டுவிட்டார்கள் அல்லது மூடி சரியாகப் பொருந்தவில்லை.

தொங்கவிடுவதில் பெரிய வித்தை இல்லை. திறந்த வாய் கீழ்நோக்கி இருக்கவேண்டும், இல்லாவிட்டால் தூசு விழும். மரச் சுவரிலிருந்து பத்து சென்ரிமீற்றராவது தள்ளி, பொருள்களின் உயரத்தில், பருத்தி நூலாலோ உருக்குக் கம்பியாலோ கட்டுங்கள். ஒட்டுநாடா வேண்டாம், அதன் பசையே ஆவி விடும். பெயரைப் பென்சிலால் எழுதுங்கள், மார்க்கர் மையில் கரைப்பான் உண்டு. மூடி கழற்றிய திகதியையும் நேரத்தையும் நிமிடம்வரை குறியுங்கள். வெப்பநிலையும் சாரீரப்பதனும் பதியும் சிறு கருவி ஒன்றும் கூடவே இருக்கட்டும். அளக்கும் இரண்டு வாரமும் அலுமாரியைத் திறக்காதிருக்கவேண்டும். இதுதான் நடைமுறையில் மிகக் கடினம். ஏடு பார்க்க ஆள் வரும், பூசை நாள் வரும். திறந்தால் நேரத்தையாவது எழுதிவையுங்கள். நவராத்திரிக் காலத்தைத் தவிர்ப்பது நல்லது. சாம்பிராணி, ஊதுபத்தி, கற்பூரம் எல்லாம் எரிந்து வரும் புகை. எரிகிற எந்தத் தாவரப் பொருளின் புகையிலும் இந்த இரண்டு அமிலமும் உண்டு. பக்கத்து வளவில் குப்பை எரித்தாலும், தோட்டப் பக்கம் புகையிலைக்குப் புகை போட்டாலும், விறகடுப்பு அறைக்கு அருகில் இருந்தாலும் அப்படியே. அதனால்தான் அலுமாரிக்குள் ஒரு தொகுதி போடும்போது அறைக்குள்ளும் ஒரு வட்டு வைக்கச் சொல்வது. அறையில் பத்தும் அலுமாரியில் முந்நூறும் என்றால் காரணம் அலுமாரி. அறையிலேயே எண்பது என்றால் வேறெங்கோ தேடவேண்டும்.

முசுறு எறும்பு பற்றியும் ஒரு சொல். மா மரம் கூரையில் முட்டும் வீடுகளில் இவை எல்லா இடமும் ஏறும். தாக்குவதற்கு இவை பீய்ச்சுவது போமிக் அமிலம். ஒரு எறும்பு குழாய்க்குள் போய்த் திரும்பினாலே போமேற்று எண் பயனற்றதாகிவிடும். எறும்பு ஏறக்கூடிய இடத்தில் தொங்கும் குழாய்க்கு வாயில் நுண்ணிய துருப்பிடிக்காத உருக்கு வலை போடலாம், ஆனால் வெற்றுக்கும் அதே வலை வேண்டும். மின்விசிறி ஓடும் அறையில் வாய் திறந்த குழாயை வைக்காதீர்கள். காற்று வாய்க்குள் ஒரு சென்ரிமீற்றர் கலங்கினால் பரவல் நீளம் 71 இலிருந்து 61 மில்லிமீற்றராகும், விடை 16 சதவீதம் கூடும்.

எடுத்தவுடன் மூடி, சிறு பொலித்தீன் பையில் போட்டு, பையைக் கண்ணாடிச் சாடிக்குள் வையுங்கள். கடதாசி மட்டைப் பெட்டி வேண்டாம், அதுவும் அமிலம் விடும். பகுப்பாய்வுக்கு கொழும்புக்கு அனுப்புவதானால் ஒரு பகல் முழுதும் வெயிலில் ஓடும் பஸ்ஸில் கிடக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வெற்றுக்குழாய்களும் அதே சாடியில் அதே பயணம் போகவேண்டும்.

ஆய்வுகூடத்தில் தாளை மூடியோடு 5 மில்லிலீற்றர் மிகத்தூய நீரில் போட்டு பதினைந்து நிமிடம் குலுக்கினால் போதும். சாறெடுத்த அன்றே, அல்லது 4 பாகையில் வைத்து மறுநாளாவது ஓட்டிவிடுங்கள். இரண்டு அமிலமும் நுண்ணுயிர்களுக்கு நல்ல உணவு. நமது அறை வெப்பத்தில் விட்டால் அவை தின்று முடித்துவிடும், அலுமாரி சுத்தம் என்று நினைத்துக்கொள்வீர்கள். தாமதம் தவிர்க்கமுடியாவிட்டால் ஒரு துளி குளோரபோம் சேர்க்கலாம், மழைநீரில் இந்த அமிலங்களைக் காக்க இதைத்தான் செய்வார்கள். அளப்பது, கரைசலிலுள்ள அயன்களைப் பிரித்து அளக்கும் அயன் குரோமட்டோகிராபியில். வழமையான காபனேற்றுக் கரைசலோடு ஓட்டினால் புளோரைட்டு, அசற்றேற்று, போமேற்று மூன்றும் முன்னால் நெருக்கியடித்து வரும். மெல்லிய போரேற்றோ குறைந்த செறிவு ஐதரொட்சைட்டோ பாவித்து மெதுவாகத் தொடங்கினால் பிரியும். நியமக் கரைசல்களை வெறும் நீரில் அல்ல, சாற்றிலுள்ள அதே அளவு பொற்றாசியம் ஐதரொட்சைட்டில் தயாரியுங்கள். காபனேற்று மிகுந்த சாற்றில் அடிக்கோடு சாய்வதை அப்படித்தான் சமப்படுத்தலாம். லீற்றருக்கு 0.05 இலிருந்து 2 மில்லிகிராம்வரை ஆறு புள்ளி போதும். கடற்கரை ஊர் என்பதால் குளோரைட்டு மலைபோல வரும், அது போமேற்றை விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சாற்றில் அசற்றேற்று லீற்றருக்கு 1.12 மில்லிகிராம், வெற்று 0.10. வித்தியாசம் 1.02, ஐந்து மில்லிலீற்றருக்கு 5.1 மைக்ரோகிராம். இது அயன், அமிலமாக்க 60.05ஐ 59.04ஆல் பிரித்துப் பெருக்கினால் 5.19. அதை 0.020 கன மீற்றரால் பிரித்தால் கன மீற்றருக்கு 259 மைக்ரோகிராம். அலுமாரியின் சராசரி வெப்பநிலை 30 பாகை என்றால் பரவல் குணகம் மூன்று சதவீதம் கூடும், விடை 252 ஆகும். நூறு கோடியில் எத்தனை பங்கு என்று கேட்டால் ஏறத்தாழ 104. இந்த மூன்று சதவீதத் திருத்தத்துக்காக யாரும் தூக்கம் கெடத் தேவையில்லை. வெப்பம் மரத்திலிருந்து அமிலத்தைக் கழற்றும் வேகத்தைக் கூட்டுவதுதான் பெரிய விளைவு. தகரக் கூரையின் கீழுள்ள அறையில் சித்திரையில் வரும் எண்ணும் மார்கழியில் வரும் எண்ணும் ஒன்றாக இருக்காது.

எண்ணை வாசிக்கும்போது இரண்டு வேதியியல் பொறிகளை மறக்கக்கூடாது. போமல்டிகைட்டு வலிய காரத்தில் கனிசாரோத் தாக்கத்தால் போமேற்றாகும். ஆகவே புதிய எம்.டி.எஃப். அலுமாரியில் வரும் போமிக் எண் உச்சவரம்பு மட்டுமே, உண்மை அதைவிடக் குறைவாக இருக்கலாம். அதுபோல எதைல் அசற்றேற்று, வைனைல் அசற்றேற்று போன்ற எசுத்தர்கள் காரத்தில் பிரிந்து அசற்றேற்றைத் தரக்கூடும். அலுமாரிக்கு தின்னர் கலந்த பூச்சு அடித்த கையோடு குழாயைத் தொங்கவிட்டால் பூச்சைத்தான் அளப்பீர்கள். ஒரு மாதமாவது கதவைத் திறந்துவிட்டுப் பிறகு அளந்து பாருங்கள்.

ஆய்வுகூட வசதி கிடைக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. அசற்றேற்றுப் பிலிமுக்காக ரொச்செஸ்டரிலுள்ள படப் பாதுகாப்பு நிறுவனம் விற்கும் ஏ-டி கீலங்கள் புரோமோகிரெசோல் பச்சை ஊறிய தாள்கள். நீலம் பச்சையாகி மஞ்சளாகும், ஒரு நாளில் விடை தெரியும். எந்த அமிலம், எவ்வளவு என்று சொல்லமாட்டா, ஆனால் எந்தப் பெட்டியை முதலில் அளக்கலாம் என்று காட்டும். அதையும் விட எளியது வலையில் கட்டும் ஈயக்குண்டு. பாசையூரிலோ குருநகரிலோ வாங்கலாம். கையுறையோடு நுண்மணல் தாளால் மினுங்கும்வரை தேய்த்து, அற்ககோலால் துடைத்து, பாதியை அலுமாரியிலும் பாதியை மூடிய கண்ணாடிப் போத்தலிலும் வையுங்கள். தேய்த்த தூளைப் பிள்ளைகள் தொடாமல் சேர்த்தெடுத்து, கையைக் கழுவுங்கள். மாதமொருமுறை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அலுமாரிக் குண்டு மட்டும் வெளிறத் தொடங்கினால் ஈய எழுத்துகளை அன்றே வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

எண் வந்தபின் என்ன செய்வது? திறந்த அறையில் பத்து அல்லது சில பத்துகள், மூடிய மர அலுமாரியில் சில நூறுகள், புதிய பலகையும் புளித்த சிலிக்கனும் சேர்ந்த பேழையில் ஆயிரத்துக்கு மேல் என்பது சாதாரணமாகக் காணும் வீச்சு. நூறைத் தாண்டியதும் நான் ஈயத்தையும் சங்கையும் வெளியே எடுக்கச் சொல்வேன். கண்ணாடி, எனாமல் பூசிய உருக்கு, பொலித்தீன் பெட்டி, எதுவாயினும் மரமில்லாதது. மரத்துக்கு வாணிஷ் அடிப்பதால் அமிலம் நிற்காது, வாணிசின் ஆவி மேலதிகமாகச் சேரும். அலுமினியத் தாளும் பொலித்தீனும் ஒட்டிய படலத்தை லாச்சியின் உட்புறம் முழுவதும் விளிம்பு மூடி ஒட்டினால் தடுக்கும். செயற்படுத்திய கரி ஓரளவு உறிஞ்சும், ஆனால் எங்கள் ஈரத்தில் விரைவில் களைத்துவிடும். அதன் பலனையும் குழாய் போட்டே பார்க்கவேண்டும். பெட்டகமே குடும்பச் சொத்து, அதை விட்டு ஏட்டைப் பிரிக்கமாட்டோம் என்பவர்கள் வாரமொருமுறை வெயில் ஏறுமுன் காலையில் ஒரு மணித்தியாலம் கதவைத் திறந்துவிடலாம். மழைக்காலத்தில் அது ஈரத்தை உள்ளே கொண்டுவரும், அப்போது செய்யக்கூடாது.

எதை மாற்றினாலும், மாற்றி இரண்டு மாதம் கழித்து அதே இடத்தில், அதே உயரத்தில், அதே மாதிரிக் குழாய் மூன்றையும் வெற்றையும் திரும்பப் போடுங்கள். கோடையில் அளந்ததைக் கோடையோடும், மாரியில் அளந்ததை மாரியோடும் ஒப்பிடுங்கள். முதல் தொகுதியில் மிஞ்சிய தாளும் கரைசலும் அடுத்த முறைக்கு ஆகாது. கரைசலைப் புதிதாகவே செய்யவேண்டும்.